முதல் முறையாக மாணவர் ரிட்ரீட்டுக்குப் போகிறீர்களா?

கல்லூரியில் சீனியர் அக்காவோ அண்ணனோ ஒரு பாரத்தை நீட்டி, "மூணு நாள் ரிட்ரீட், வர்றியா?" என்று கேட்டிருப்பார்கள். ரிட்ரீட் என்றால் கிறிஸ்தவ மாணவர்கள் சில நாள் ஓரிடத்தில் தங்கி ஜெபம், வேத வாசிப்பு, மௌனம் என்று கழிக்கும் முகாம். வீட்டில் விடுவார்களா, அங்கே என்னதான் செய்வார்கள், எழுந்து ஜெபிக்கச் சொன்னால் என்ன செய்வது என்று நாலைந்து கேள்விகள் ஒன்றாக வரும். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பிள்ளைகளில் நிறைய பேர் தங்கள் வீட்டிலிருந்து கல்லூரிக்குப் போகும் முதல் ஆள். இதையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொள்ள வீட்டில் யாரும் இருக்க மாட்டார்கள். நான் மாணவியாகப் போனேன். அதற்குப் பிறகு பதினைந்து வருடமாக இந்த மாதிரி முகாம்களில் குழு நடத்துவது, சமையலுக்கு உதவுவது என்று ஏதாவது ஒரு வேலையாகப் போய்க்கொண்டிருக்கிறேன். எனக்குத் தெரிந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில், யார் நடத்துகிறார்கள் என்று கேளுங்கள்

நம் இரண்டு மாவட்டங்களிலும் கிறிஸ்தவர்கள் ஒரே மாதிரி இல்லை. கோவிலூர், எலத்தகிரி, மத்திகிரி போன்ற ஊர்களில் பரம்பரைக் கத்தோலிக்கக் குடும்பங்கள் இருக்கின்றன. 1997-இல் சேலத்திலிருந்து பிரிந்த தருமபுரி மறைமாவட்டம்தான் (கத்தோலிக்க ஆயரின் நிர்வாகப் பகுதி) இரண்டு மாவட்டங்களுக்கும் சேர்த்து. கிருஷ்ணகிரியில் 1895-லேயே அமெரிக்காவின் மிசௌரி லுத்தரன் மிஷன் என்ற புராட்டஸ்டன்ட் அமைப்பு வந்துவிட்டது. இவை போக சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை), பெந்தெகொஸ்தே சபைகள் எல்லாம் உண்டு. அதனால் 'ரிட்ரீட்' என்ற ஒரே சொல்லுக்குள் பல விதமான மூன்று நாட்கள் அடங்கியிருக்கின்றன.

கத்தோலிக்கப் பங்கோ (ஊர்க் கோயில் சமூகம்), 1924-இல் தொடங்கிய ஐக்கஃப் என்ற கத்தோலிக்கக் கல்லூரி மாணவர் இயக்கமோ நடத்தினால் அதைத் 'தியானம்' என்பார்கள். அருட்தந்தையோ அருட்சகோதரியோ வழிநடத்துவார்கள். தினமும் திருப்பலி (பூசை), ஒரு மாலை நற்கருணை ஆராதனை (திருஅப்பத்தின் முன் அமர்ந்து செபிப்பது), விரும்புகிறவர்களுக்கு ஒப்புரவு (குருவிடம் தவறுகளைச் சொல்லி மன்னிப்புப் பெறுவது), நடுவே நீண்ட மௌனம். 1954-இல் தொடங்கிய யு.இ.எஸ்.ஐ. போன்ற மாணவர் ஐக்கியங்கள் நடத்தினால் காலையில் தனித்தியானம், பிறகு குழுவாக வேத ஆராய்ச்சி, இரவில் செய்தியும் (பிரசங்கம்) சாட்சியும் (தன் வாழ்வில் கடவுள் செய்ததைச் சொல்வது) இருக்கும். பெந்தெகொஸ்தே முகாமில் பாட்டும் ஆராதனையும் நீளமாகப் போகும், உபவாச ஜெபமும் இருக்கலாம். ஓரிடத்தில் 'செபம்' என்பதை இன்னோரிடத்தில் 'ஜெபம்' என்பார்கள். ஓரிடத்தில் 1995-இல் வந்த திருவிவிலியம் என்ற பைபிள் மொழிபெயர்ப்பை வாசிப்பார்கள், இன்னோரிடத்தில் பழைய மொழிபெயர்ப்பை. வசனம் வேறு மாதிரி இருக்கிறதே என்று குழம்ப வேண்டாம். பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டால் சொல்வார்.

பாரத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் இவற்றைக் கேளுங்கள்: பொறுப்பாளர் யார், அவருடைய போன் நம்பர் என்ன, பெண்கள் தங்கும் இடத்தில் இரவு துணைக்குப் பெரியவர் யார் இருப்பார், கட்டணம் எவ்வளவு, கட்ட முடியாதவருக்குச் சலுகை உண்டா, கடைசி நாள் எத்தனை மணிக்கு விடுவார்கள். முகம் சுளிக்காமல் பதில் சொல்கிற இடத்துக்குத்தான் போக வேண்டும்.

வீட்டில் உண்மையைச் சொல்லிக் கேளுங்கள்

என்.எஸ்.எஸ். கேம்ப் என்று வீட்டில் சொல்லிவிட்டு வந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். மூன்று நாளும் அவர்கள் மனசு அங்கே இருக்காது. போன் மணி எங்கே அடித்தாலும் திடுக்கிடுவார்கள். அப்பா அம்மாவிடம், குறிப்பாக நீங்கள் பெண்பிள்ளையாக இருந்தால், பொறுப்பாளரை நேரடியாகப் பேச வையுங்கள். "சார் பேசினார், மேடம் பேசினாங்க" என்று நீங்கள் சொல்வதைவிட அம்மாவே ஒரு அக்காவின் குரலைக் கேட்பது மேல். விடுதியில் தங்கிப் படிப்பவர்கள் வார்டனிடம் எழுதிக் கொடுத்து அவுட் பாஸ் வாங்கிக்கொள்ளுங்கள்.

நீங்கள் கிறிஸ்தவர் இல்லை, தோழியோடு சும்மா போய்ப் பார்க்க ஆசை என்றால் அதையும் வீட்டில் அப்படியே சொல்லுங்கள். பொறுப்பாளரிடமும் சொல்லுங்கள். நல்ல முகாமில் உங்களை விருந்தாளியாக உட்கார வைப்பார்கள். எதற்கும் எழுந்து நிற்கவோ கை தூக்கவோ கட்டாயப்படுத்த மாட்டார்கள்.

பயணமும் பையும்

கிருஷ்ணகிரி ஊருக்கு ரயில் கிடையாது. தூரத்திலிருந்து ரயிலில் வருகிறவர்கள் ஓசூரிலோ தருமபுரியிலோ ஜோலார்பேட்டையிலோ இறங்கிப் பேருந்து பிடிக்க வேண்டும். முகாம் நடக்கும் இடம் தேன்கனிக்கோட்டை, தளி, அஞ்செட்டிப் பக்கம் என்றால் மாலைக்கு மேல் பேருந்து குறைந்துவிடும். பகலிலேயே போய்ச் சேரும்படி கிளம்புங்கள்.

தளி, ஓசூர்ப் பக்கம் மார்கழி, தை மாதக் குளிர் தருமபுரிக்காரர்களுக்கே புதிதாக இருக்கும். கம்பளியோ தடித்த போர்வையோ இல்லாமல் போகாதீர்கள். இன்னொன்று, அந்தப் பகுதி காட்டை ஒட்டியது. ராகி விளைந்து நிற்கும் மாதங்களில் கர்நாடகக் காட்டிலிருந்து யானைக் கூட்டம் இந்தப் பக்கம் வரும். "தனியாக ஜெபிக்கப் போகிறேன்" என்று விடியற்காலை இருட்டில் வளாகத்துக்கு வெளியே நடக்க வேண்டாம். பொறுப்பாளர்கள் கேட்டைப் பூட்டி வைத்தால் அதற்குக் காரணம் உண்டு.

பையில் தட்டு, டம்ளர், டார்ச், விரிப்பு, கோடு போட்ட நோட்டு, இரண்டு பேனா, வேதாகமம் இருக்கட்டும். வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரை, நாப்கின் இவற்றை மறக்காதீர்கள். அங்கே கடை இருக்காது. கையில் கட்டும் கடிகாரம் ஒன்று கண்டிப்பாக வேண்டும். போனை வாங்கி வைத்துவிடுவார்கள் என்பதால் மணி பார்க்கவே வழி இருக்காது. வீட்டாருக்குப் பொறுப்பாளர் நம்பரைக் கொடுத்துவிட்டால் போன் இல்லாத பயம் பாதி போய்விடும்.

முதல் இரவு தூங்குங்கள்

முதல் நாள் மாலை எல்லோருக்கும் கூச்சம்தான். பெயர் சொல்லி விளையாடும் விளையாட்டு, குழு பிரிப்பது, பாட்டு என்று போகும். கை தட்டத் தோன்றாவிட்டால் சும்மா நில்லுங்கள். இரவு பேசிக்கொண்டே விடிய வைக்கிற ஆசை வரும். அதை மட்டும் செய்ய வேண்டாம். பரீட்சை, பேருந்து, விடுதிச் சத்தம் என்று மாதக்கணக்கில் தூக்கம் கெட்டுப்போன உடம்போடுதான் பெரும்பாலானவர்கள் வருகிறார்கள்.

எலியா தீர்க்கதரிசியின் கதை வேதாகமத்தில் 1 இராஜாக்கள் 19-இல் இருக்கிறது. உயிரே வேண்டாம் என்று சலித்துப்போய் ஒரு சூரைச்செடியின் கீழ் படுத்துவிட்டார். நம் கரட்டு மேடுகளில் முள்ளாகப் படர்ந்து கிடக்கிறதே, அந்தச் சூரைதான் என் மனசுக்குள் வரும். தூதன் வந்து அவருக்குப் புத்தி சொல்லவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் தலைமாட்டில் வைத்து, சாப்பிடு என்று எழுப்பினான். சாப்பிட்டார், மறுபடி தூங்கினார். திரும்பவும் எழுப்பிச் சாப்பிட வைத்தான். கடவுளின் மெல்லிய குரலைக் கேட்டதெல்லாம் நாற்பது நாள் நடந்து ஓரேப் மலைக்குப் போன பிறகுதான். ஆகவே முதல் நாள் இரவு பத்து மணிக்குப் படுத்துவிடுங்கள். போடுகிற களியையும் கீரையையும் வயிறாரச் சாப்பிடுங்கள்.

மௌன நேரம்

எந்தச் சபை நடத்தினாலும் ஒரு மணி நேரமாவது தனியாக, பேசாமல் உட்காரச் சொல்வார்கள். புதிதாக வருகிறவர்கள் மிகவும் பயப்படுவதும், எப்படியாவது கழித்துவிடப் பார்ப்பதும் இந்த ஒரு மணி நேரத்தைத்தான். என் அனுபவத்தில் மற்ற எல்லாம் இதற்கான முன்னேற்பாடு.

நான் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது தேன்கனிக்கோட்டைப் பக்கம் ஒரு பள்ளிக்கூட வளாகத்தில் நடந்த முகாமுக்குப் போனேன். தை மாசம். என்னைப் புளியமரத்தடியில் உட்காரச் சொன்னார்கள். முதல் பத்து நிமிடம் எறும்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் பசித்தது. அப்புறம் சமையல் கொட்டகையில் யாரோ பெரிய துடுப்பால் களி கிண்டுகிற சத்தம், பாத்திரத்தின் அடியில் தட்டித் தட்டிக் கேட்டது. எங்கள் வீட்டில் அம்மா கிண்டும்போது கேட்கிற அதே சத்தம். அவ்வளவுதான், ஆறு மாதமாக நான் நினைக்காமல் தள்ளிவைத்திருந்தது மேலே வந்துவிட்டது. போன செமஸ்டரில் எனக்கு இரண்டு அரியர். வீட்டில் எல்லாம் பாஸ் என்று சொல்லியிருந்தேன். அப்பா பாலக்கோடு மார்க்கெட்டில் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த மரத்தடியில் எனக்குத் தரிசனம் எதுவும் கிடைக்கவில்லை. நோட்டில் ஒரே ஒரு வரி எழுதினேன்: "அப்பாவிடம் சொல்ல வேண்டும்." எழுதிவிட்டு ரொம்ப நேரம் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது என் குழுப் பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுக்கும் முறை இதுதான். உட்கார்ந்ததும் ஜெபிக்க அவசரப்படாதீர்கள். பத்து நிமிடம், மனசில் ஓடுகிறதை எல்லாம் நோட்டில் துண்டு துண்டாக எழுதிவிடுங்கள்: பீஸ், தலைவலி, அவன் ஏன் பேசவில்லை, எதுவாக இருந்தாலும். பிறகு வேதாகமத்தில் மாற்கு 6:30 முதல் 32 வரை மூன்று முறை, மூன்றாவது முறை மிக மெதுவாக, வாய்க்குள் வாசியுங்கள். வேலை முடித்துவிட்டு வந்த சீஷர்களுக்குச் சாப்பிடக்கூட நேரமில்லை. தனியான இடத்துக்குப் போய்க் கொஞ்சம் இளைப்பாறுவோம் வாருங்கள் என்று இயேசு கூப்பிடுகிறார். அதில் எந்தச் சொல் உங்களைப் பிடித்து நிறுத்துகிறதோ அதோடு நின்றுவிடுங்கள். அடுத்த இருபது நிமிடம் கடவுளுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள், அம்மாவிடம் பேசுகிற பேச்சுத் தமிழிலேயே. கோபம் இருந்தால் கோபமாகவே எழுதலாம். வேதாகமத்துச் சங்கீதங்களில் பல அப்படித்தான் இருக்கின்றன. கடைசிப் பத்து நிமிடம் எழுதியதை வாசித்து, எந்த வரியைத் தாண்டிப் போக முடியவில்லையோ அதன்கீழ் ஒரு கோடு போடுங்கள். தூக்கம் வந்தால் எழுந்து நடங்கள். அழுகை வந்தால் அழுங்கள். எதுவும் வராவிட்டால் மரத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள். அந்த மணி நேரம் வீண் இல்லை.

குழுவில்

எட்டு பத்து பேர் வட்டமாக உட்கார்ந்து ஒரு வேதப்பகுதியைப் படிப்பீர்கள். மூன்று கேள்விதான்: இதில் என்ன எழுதியிருக்கிறது, இதன் பொருள் என்ன, நான் இதை வைத்து என்ன செய்யப் போகிறேன். புதியவர்கள் முதல் கேள்வியைத் தாண்டிக் குதித்துவிடுவார்கள். அங்கேயே நில்லுங்கள், பகுதியில் இருப்பதைப் பாருங்கள். லூக்கா 15-இல், சொத்தை அழித்துவிட்டுத் திரும்பி வந்த இளைய மகனுக்கு அப்பா விருந்து வைக்கிற ஊதாரி மகன் கதையை ஒரு முறை படித்தபோது எல்லோரும் இளையவனைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். அதுவரை வாயே திறக்காத ராயக்கோட்டைப் பக்கத்துத் தம்பி ஒருவன், "மூத்தவன் வயல்ல இருந்தான்னு போட்டிருக்குக்கா. வீட்ல விருந்து நடக்குது, அவனை யாரும் போய்க் கூப்பிடலையே" என்றான். அவன் தக்காளி பறித்துவிட்டுக் கல்லூரிக்கு வருகிற பையன். அதற்குப் பிறகு அந்தக் கதையை நான் பழைய மாதிரி வாசித்ததே இல்லை.

உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லுங்கள். தெரியாவிட்டால் "நான் அப்புறம் சொல்கிறேன்" என்றால் போதும். குழுவில் ஒருவர் சொன்ன சொந்த விஷயம் குழுவைத் தாண்டக் கூடாது, வாட்ஸ்அப்பில் கண்டிப்பாகக் கூடாது. ஓசூர், தளிப் பிள்ளைகள் சிலர் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிறவர்கள். அவர்கள் தமிழ் தடுக்கினால் காத்திருங்கள்.

இன்னொன்றை வெளிப்படையாகவே சொல்கிறேன். "நீங்க எந்த ஊரு, எந்தத் தெரு?" என்று சுற்றி வளைத்துச் சாதியைக் கேட்கும் பழக்கம் நம் பக்கம் கிறிஸ்தவர்களிடமும் இருக்கிறது. முகாமில் அந்தக் கேள்வியைக் கேட்காதீர்கள், கேட்டால் பதில் சொல்லாதீர்கள். பந்தியில் தெரிந்தவர் பக்கத்திலேயே இடம் பிடிக்காமல், மூன்று நாளும் வேறு வேறு ஆட்களோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள். பாத்திரம் கழுவும் முறை வந்தால் முதலில் போய் நில்லுங்கள். நான் இன்றுவரை போனில் பேசுகிற இரண்டு தோழிகளும் சாம்பல் போட்டு அண்டா தேய்க்கும்போது கிடைத்தவர்கள்.

தனியாகப் பேச விரும்பினால்

மனசில் இருப்பதை ஒரு பெரியவரிடம் சொல்ல நேரம் ஒதுக்குவார்கள். போய்ப் பேசுங்கள். ஆனால் எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில், திறந்த வராந்தாவிலோ மரத்தடியிலோ பேசுங்கள். பெண்கள் பெண் ஆலோசகரைக் கேட்டு வாங்கலாம், அது உங்கள் உரிமை. கதவைச் சாத்தச் சொன்னாலோ, இதை வீட்டில் சொல்லாதே என்றாலோ, இரவில் தனியாக வரச் சொன்னாலோ, அவர் எவ்வளவு பெரிய ஊழியக்காரராக இருந்தாலும் எழுந்து வந்து பொறுப்பாளரிடமும் வீட்டிலும் சொல்லிவிடுங்கள்.

மனநலத்துக்காக மருந்து சாப்பிடுகிறவர்கள் யார் சொன்னாலும் ரிட்ரீட்டில் அதை நிறுத்த வேண்டாம். ஜெபமும் மாத்திரையும் சேர்ந்தே போகலாம். வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் திரும்பத் திரும்ப வந்தால் அதை அந்தச் சொற்களிலேயே சொல்லுங்கள். 14416 என்ற அரசு மனநல உதவி (டெலி மனஸ்) எண்ணில் இரவு பகல் எந்த நேரமும் தமிழில் பேசலாம், இலவசம்.

கடைசி இரவு

கடைசி இரவில் பாட்டு, நெருப்பு, சாட்சி என்று மனசு பொங்கும். பக்கத்தில் அழுகிறவர்களைப் பார்த்து, எனக்கு ஏன் அழுகை வரவில்லை என்று கவலைப்படுகிற பிள்ளைகள் ஒவ்வொரு முகாமிலும் இருக்கிறார்கள். அழுதவர்களைவிட நீங்கள் எந்த வகையிலும் குறைந்தவர் இல்லை.

அந்த நேரத்தில் கடவுளுக்கு வாக்குக் கொடுக்கும் பெரிய பொருத்தனை செய்யாதீர்கள். படிப்பை விட்டுவிட்டு ஊழியத்துக்கு வருகிறேன், இனி இவரோடு பேசவே மாட்டேன் என்பது மாதிரி. பின்னாளில் இயேசு சபையைத் தொடங்கிய லயோலா இஞ்ஞாசியார் 1521-இல் காலில் குண்டடி பட்டுப் படுக்கையில் கிடந்தபோது ஒன்றைக் கவனித்தார். போர்வீரனாகப் புகழ் பெறும் கனவு அந்த நேரத்தில் இனித்துவிட்டுப் பிறகு மனசை வறளவிட்டது. புனிதர்களைப் போல வாழலாமே என்ற நினைவு போன பிறகும் மகிழ்ச்சி அப்படியே நின்றது. உங்கள் முடிவையும் அப்படிப் பாருங்கள். நோட்டில் தேதி போட்டு எழுதி வையுங்கள். மூன்று வாரம் கழித்து, ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை மத்தியானம் எடுத்து வாசியுங்கள். அப்போதும் அதே அமைதி இருந்தால் உங்களுக்கு நம்பிக்கையான பெரியவரிடம் கொண்டுபோங்கள்.

அந்த இரவிலேயே எடுக்க வேண்டியது ஒரு சின்ன முடிவு. ஒரு ஆள், ஒரு நாள், ஒரு காரியம். "நல்ல பிள்ளையாக இருப்பேன்" என்று எழுதினால் அடுத்த வாரமே மறந்துபோகும். "ஞாயிற்றுக்கிழமை தங்கச்சியிடம் மன்னிப்புக் கேட்பேன்" என்று எழுதுங்கள்.

வீடு திரும்பிய பிறகு

போன் கைக்கு வந்ததும் முந்நூறு மெசேஜ் காத்திருக்கும். பேருந்தில் அதைத் திறக்காமல் ஊர் வரை வர முடிந்தால் நல்லது. வீட்டில் போய் எல்லோருக்கும் பிரசங்கம் செய்ய வேண்டாம். அம்மா மூன்று நாள் தனியாகச் செய்த வேலையில் ஒன்றை வாங்கிச் செய்யுங்கள்.

நான் சொன்ன அந்த வரிக்கு வருகிறேன். திங்கட்கிழமை விடியற்காலை அப்பா மார்க்கெட்டுக்குத் தக்காளிப் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தார். ஒரு பெட்டியின் மறுபக்கத்தை நான் பிடித்துத் தூக்கினேன். தூக்கிக்கொண்டேதான் சொன்னேன், முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்க என்னால் முடியாது. "அப்பா, எனக்கு ரெண்டு பேப்பர் போயிடுச்சு. அப்பவே போயிடுச்சு. பொய் சொல்லிட்டேன்." பெட்டியை வண்டியில் வைத்துவிட்டுக் கயிற்றை இழுத்துக் கட்டினார். ரொம்ப நேரம் கட்டினார். அப்புறம், "திரும்ப எழுதப் பணம் கட்டணுமா? கடைசி நாள் என்னைக்கு?" என்று மட்டும் கேட்டார். அந்த வாரம் முழுக்க என்னோடு சரியாகப் பேசவில்லை. அதற்கடுத்த வாரம் பேசினார்.

முதல் மாதத்துக்கு ஒரே ஒரு பழக்கத்தைப் பிடித்துக்கொண்டால் போதும். இரவு படுக்கும் முன் பத்து நிமிடம் ஆன்மப் பரிசோதனை. இதுவும் இஞ்ஞாசியார் சொல்லிக்கொடுத்ததுதான், எந்தச் சபைக்காரரும் செய்யலாம். இன்றைக்குக் கிடைத்ததற்கு நன்றி சொல்லுங்கள், வெளிச்சம் கேளுங்கள், காலையிலிருந்து நடந்ததை ஒவ்வொன்றாக நினைத்துப் பாருங்கள், தவறியதற்கு மன்னிப்புக் கேளுங்கள், நாளைக்கு ஒன்றைத் தீர்மானியுங்கள். விடுதி அறையில் நான்கு பேர் இருந்தாலும் போர்வைக்குள் செய்யலாம். இரண்டு நாள் விட்டுப்போனால் மூன்றாம் நாள் தொடருங்கள், விட்டதைக் கணக்குப் பார்க்க வேண்டாம்.

முகாமில் பழகியவர்களில் பக்கத்து ஊர்க்காரர் ஒருவரையாவது பிடித்துக்கொள்ளுங்கள். கல்லூரியில் மாணவர் ஐக்கியம் கூடுகிற நாளும் இடமும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குப் பக்கத்துப் பங்கில் இளைஞர் குழு இருந்தாலும் சரி. பத்தாவது நாள் வாக்கில் மனசு தளரும், எல்லாம் பழையபடி ஆகிவிட்டதே என்று தோன்றும். எல்லோருக்கும் அப்படித்தான். அன்றைக்கு அந்தப் பக்கத்து ஊர்க்காரருக்கு ஒரு போன் போடுங்கள். போடப் போகிறேன் என்று முகாமை விட்டுக் கிளம்பும்போதே அவரிடம் சொல்லி வைத்துவிடுங்கள்.